பாலிசி இருக்கு, பதிவு இருக்கா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கட்டுமான நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ற, அதையே வந்து சொல்லு" என்று செயலாளர் அக்கா கேட்டுக்கொண்டார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில். கட்டட வேலைகளைக் கவனிக்க ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. எந்த சைட்டில் எந்த காண்ட்ராக்டர், யார் சிமெண்டு தருகிறார், யார் கல் தருகிறார், யாருக்கு எவ்வளவு பில், எல்லாம் அதில் இருக்கும். இவங்க எல்லாரையும் சேர்த்து 'வெண்டார்' என்று சொல்வார்கள். அந்த வெண்டார்களின் இன்சூரன்ஸ் விவரத்தை அவ்வப்போது சரிபார்த்து, புதுசாகப் பதிவு செய்வதுதான் என் வேலை.

"இதுக்கும் எங்களுக்கும் என்னம்மா?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்கிறது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இந்த மண்டபத்தில் இருக்கிறவங்களில் சித்தாள் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க. பாருங்க, பாதிக்குப் பாதி. வீட்டுக்காரர் கொத்தனாராகவோ, மேஸ்திரியாகவோ, சென்ட்ரிங் வேலையிலோ இருக்கிறவங்க? இன்னும் கொஞ்சம் கைகள். நம்ம கூட்டமைப்பின் ஹாலோ பிளாக் யூனிட்டில் இருக்கிறவங்களும் கை தூக்குங்க. யூனிட் அக்காமார்களே, நீங்களும் ஒரு வெண்டார்தான். கட்டட வேலையில் ஒரு விபத்து நடந்தால் அந்தத் திரையில் இருக்கிற ஒரு வரி சரியாக இருக்கிறதா இல்லையா என்பது உங்க வீட்டைத்தான் முதலில் தொடும்.

சாப்ட்வேர் என்றதும் பயப்பட வேண்டாம். நாம தீர்மான நோட்டு எழுதுகிறோம், ரொக்கப் புத்தகம் எழுதுகிறோம், சேமிப்பு, கடன் பேரேடு எழுதுகிறோம், பாஸ்புக்கில் ஏற்றுகிறோம். அதுவும் அந்த மாதிரி ஒரு பேரேடுதான். காகிதத்துக்குப் பதிலாகத் திரை. அவ்வளவுதான்.

அதில் வெண்டார் பெயரைத் தட்டினால் அவங்க பக்கம் திறக்கும். அதில் இன்சூரன்ஸ் என்று ஒரு பகுதி. என்ன வகை இன்சூரன்ஸ், எந்த கம்பெனி, பாலிசி நம்பர் என்ன, எந்தத் தேதியில் ஆரம்பம், எந்தத் தேதியில் முடிவு, எவ்வளவு தொகை வரை, எத்தனை தொழிலாளிக்கு, எந்த இடத்தில் நடக்கிற வேலைக்கு. இவ்வளவையும் நிரப்பி, பாலிசி காகிதத்தை ஸ்கேன் எடுத்து அதோடு சேர்க்கணும். பாலிசி நடப்பில் இருந்தால் பச்சை நிறம். முடிய ஒரு மாதம் இருக்கும்போது மஞ்சள். முடிந்துவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் அந்த வெண்டாருக்கு பில் பணம் போகாது. ஆளை சைட்டுக்குள் விடவும் கூடாது. எங்க ஆபீஸில் வைத்திருக்கும் முறை இது.

இவ்வளவு கறாராக ஏன் என்றால், சட்டம் அப்படி. தொழிலாளி வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தரணும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளாக இருந்தாலும், அந்த வேலையைக் கொடுத்த பெரிய நிறுவனமும் பொறுப்பு. முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் காண்ட்ராக்டரிடம் 'டபிள்யூ.சி. பாலிசி' இருக்கிறதா என்று நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் என்று அதற்கு அர்த்தம். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு அந்த வழியில் கிடைக்கும். நம்ம ஊரில் கட்டட வேலைக்குப் போறவங்களில் இ.எஸ்.ஐ. இருக்கிறவங்க எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

தொகை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40 வயது தொழிலாளி, மாதச் சம்பளக் கணக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் விபத்து நடந்து உயிர் போய்விட்டால், சம்பளத்தில் பாதி 6,000. வயதுக்கு ஏற்ற ஒரு எண் சட்ட அட்டவணையில் இருக்கிறது. 40 வயதுக்கு அது 184.17. இரண்டையும் பெருக்கினால் 11,05,020 ரூபாய். உயிர் பிழைத்து, இனிமேல் எந்த வேலையும் செய்ய முடியாத ஊனம் என்றால் பாதிக்குப் பதிலாக 60 சதவீதம் வைத்துக் கணக்கிடுவார்கள். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கிற பணம் இல்லை. அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம். ஆனால் நம்ம ஊரில் என்ன நடக்கிறது? மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு கவரைக் கையில் கொடுப்பார். கூட நாலு பேர் பேசி முடித்துவிடுவார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கைரேகை. அதோடு முடிஞ்சுது.

எங்க குழுவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம். சாரத்தில் ஏறி கல் கொடுக்கும்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த காண்ட்ராக்டரிடம் பாலிசி இல்லாமல் இல்லை. காசு கட்டி, பேப்பர் கையில் வைத்திருந்தார். ஆனால் அந்த பாலிசியில் இருந்தது முந்தைய சைட்டின் முகவரி. வேலை முடிந்து அடுத்த இடத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் அவர் அதை மாற்றச் சொல்லவில்லை. பாலிசி பத்துப் பேருக்கு. அன்றைக்கு வேலையில் இருந்தது பதினாறு பேர். அக்காவின் பெயர் கூலிப் பதிவேட்டிலும் இல்லை. மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டில் 'சித்தாள் 6' என்று மட்டும் எழுதியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றொன்றாகக் கேள்வி கேட்டது. கேட்கத்தான் செய்யும். பதில் சொல்லக் காகிதம் இல்லை.

அந்த மாசங்களில் அக்கா வீடு எப்படி ஓடியது? குழுவில் உள்கடன் வாங்கினாங்க. பிள்ளை படிப்புக்கென்று சேர்த்த சேமிப்பை எடுத்தாங்க. அதற்கு மேலே வெளியில் வட்டிக்கு வாங்கினாங்க. பாலிசி இருந்தும் வட்டி கட்டினது அந்த வீடு. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் பேசும்போது, 'இன்சூரன்ஸ் எடுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. எடுத்த இன்சூரன்ஸ், இன்றைக்கு இருக்கிற நிலைமைக்குப் பொருந்துகிற மாதிரி பதிவில் இருக்கணும். ஆள் மாறினால், இடம் மாறினால், வருஷம் மாறினால் பதிவும் மாறணும்.

என் வேலையில் நான் முக்கியமாகப் பார்க்கிற ஐந்து விஷயங்களைச் சொல்கிறேன். யூனிட் அக்காமார்களும், மேஸ்திரி வீட்டுக்காரம்மாக்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெயர். பில் ஒரு பெயரில், பாலிசி வேறு பெயரில் இருக்கக் கூடாது. நிறைய மேஸ்திரிகள் தன் சொந்தப் பெயரில் பாலிசி எடுத்துவிட்டு, 'எண்டர்பிரைசஸ்' என்று ஒரு பெயரில் பில் போடுவார்கள். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஜி.எஸ்.டி. சான்றில், பான் கார்டில் என்ன பெயரோ அதே பெயர் பாலிசியிலும் இருக்கணும்.

இரண்டாவது, தேதி. எங்க சாப்ட்வேர் வெளிநாட்டில் செய்தது. அமெரிக்காக்காரர்கள் மாதத்தை முன்னால் போட்டு, நாளைப் பின்னால் எழுதுவார்கள். நாம ஏப்ரல் 7 என்பதை 07/04 என்று எழுதுவோம். அது அதை ஜூலை 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 என்று போட்டால் 25-வது மாதம் கிடையாது என்பதால் தவறு என்று சொல்லிவிடும். 07/04 என்றால் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். ஏப்ரலில் முடிந்துபோன பாலிசி ஜூலை வரைக்கும் பச்சை நிறத்தில் நிற்கும். அதனால் தேதியைத் தட்டி முடித்ததும் மாதத்தின் பெயர் எழுத்தில் என்ன வருகிறது என்று பார்த்த பிறகுதான் சேவ் செய்யணும்.

மூன்றாவது, இடைவெளி. மார்ச் 31-ஆம் தேதி நள்ளிரவோடு பாலிசி முடிகிறது. மேஸ்திரி ஏப்ரல் 4-ஆம் தேதி போய்ப் பணம் கட்டிப் புதுப்பிக்கிறார். "விட்டுப் போகலையே, புதுப்பிச்சாச்சே" என்பார். ஆனால் பிரீமியம் கையில் வராமல் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு ஏற்கக் கூடாது என்பது 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 1, 2, 3 ஆகிய மூன்று நாளும் அத்தனை தொழிலாளியும் கூரை இல்லாத வீட்டில் நின்ற மாதிரிதான். அந்த மூன்று நாளில் ஒருவர் விழுந்தால், நான்காம் நாள் கட்டிய பணம் அவருக்கு உதவாது. ஆகவே முடிகிற தேதிக்கு முன்னாடியே கட்டணும்.

நான்காவது, எண்ணிக்கையும் இடமும். ஆள் கூடினால், சைட் மாறினால், பாலிசி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டி, திருத்தச் சீட்டு வாங்கணும். 'எண்டார்ஸ்மென்ட்' என்பார்கள். புது பாலிசி எடுக்கத் தேவையில்லை. அந்தச் சீட்டையும் ஸ்கேன் எடுத்து எங்களுக்கு அனுப்பணும். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைய பாலிசிகளில் அது தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று.

ஐந்தாவது, பழைய வரியை அழிக்கக் கூடாது. புது பாலிசி வந்ததும், சிலர் பழைய வரியிலேயே புதுத் தேதியை மாற்றி எழுதிவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் போன வருஷம் நடந்த விபத்துக்கு இந்த வருஷம் வழக்கு வரும். இழப்பீடு கேட்டு மனுப் போட இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. அன்றைக்கு நடப்பில் இருந்த பாலிசி எது என்று கேட்டால், அழித்த வரியை எங்கே தேடுவது? அதனால் புது பாலிசிக்குப் புது வரி. ரொக்கப் புத்தகத்தில் நாம வெள்ளை மை தடவி எழுத மாட்டோம் இல்லையா? அதே கதைதான் இது.

இனி சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிகளுக்கு. உங்களிடம் அந்தத் திரையை யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. புது சைட்டுக்குப் போன முதல் நாளே மேஸ்திரியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணே, இந்த சைட்டுக்கு பாலிசி இருக்கா? என் பேரு கூலி நோட்டில முழுசா எழுதியிருக்கா?" சண்டை போடுகிற மாதிரி கேட்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். குழுவாகச் சேர்ந்து பேங்க் மேனேஜரிடமே பேசினவங்க நாம. மேஸ்திரியிடம் கேட்க என்ன தயக்கம்? கேட்ட அன்றைக்கே மாறாது. ஆனால் நாலு இடத்தில் நாலு குழு கேட்டால் மாறும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம்ம மாநிலத்தில் 1994-லேயே வந்துவிட்டது. 18 வயதிலிருந்து 60 வயது வரை பதிவு செய்யலாம். அட்டை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறவங்க நிறைய பேர். அந்த அட்டையில் புதுப்பிக்கிற தேதி ஒன்று இருக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். வாரிசுதாரர் பெயரும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பெயரைக் கொடுத்திருப்போம். அப்பாவும் இப்போ இருக்க மாட்டார். ஆனால் அட்டையில் இருப்பார். போன் நம்பர் மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போனால் எந்த வேலையும் நடக்காது.

அடுத்தது வங்கிக் கணக்கில் பிடிக்கிற இன்சூரன்ஸ். 2015-இல் வந்த இரண்டு திட்டங்கள். விபத்துக்கான சுரக்ஷா பீமாவுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதிக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரணும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம்.

இரண்டையும் கூட்டினால் 456 ரூபாய். மே மாதக் கடைசியில் உங்க கணக்கில் அந்தப் பணம் இல்லை என்றால் பிடிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் பாதுகாப்பும் இல்லை. வங்கியிலிருந்து வந்திருக்கிற சார் இங்கேயே இருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மே மாதம்தான் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின நேரம். நோட்டு, யூனிபார்ம், பீஸ் என்று கணக்கைத் துடைத்து எடுத்துவிடுவோம். அதனால் மே மாதம் முதல் கூட்டத்திலேயே "456 ரூபாய் தொடாதே" என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். இன்னொன்று, இரண்டு வங்கியில் கணக்கு இருந்து இரண்டிலும் பணம் பிடித்தாலும், கிடைக்கிறது ஒரு தடவைதான். ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "உனக்குத்தான் பேங்க்ல 20 ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல வாங்கிக்கோ" என்று சில மேஸ்திரிகள் சொல்வார்கள். அது நீங்க உங்க காசில் கட்டினது. வேலை கொடுத்தவர் தர வேண்டிய இழப்பீடு வேறு. ஒன்று கிடைப்பதால் இன்னொன்று ரத்தாகாது.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எங்க ஆபீஸில் அந்தத் திரையில் இருப்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்ய முடியும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு 'காப்பீட்டுப் பதிவேடு' தொடங்கலாம். ஏழு கட்டம் போதும். உறுப்பினர் பெயர், காப்பீட்டு வகை, எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரிசுதாரர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. நல வாரிய அட்டைக்கு ஒரு வரி, வங்கிக் காப்பீட்டுக்கு இரண்டு வரி. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எண்ணில் வேண்டாம். முடிய ஒரு மாதம் இருக்கிற வரிக்கு எதிரே மஞ்சள் பென்சில், முடிந்துபோன வரிக்குச் சிவப்பு. மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிஷம் அந்த நோட்டைத் திறந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் நிறம் தெரியும். "என் வரி ஏன் சிவப்பா இருக்கு?" என்று அவங்களே கேட்பாங்க.

ஹாலோ பிளாக் யூனிட்டுக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கல் ஏற்றிப் போகிற வண்டியின் இன்சூரன்ஸ், ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கான பாலிசி, மெஷினில் நிற்கிறவங்களுக்கான பாலிசி. புதுப்பித்த அன்றைக்கே அதன் காப்பியை நீங்கள் கல் கொடுக்கிற நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பியதோடு விடாமல், "எங்க பக்கம் பச்சையா இருக்கா?" என்று போன் போட்டுக் கேளுங்கள். பில் நிற்காது. அதைவிட முக்கியம், மெஷினில் கை வைக்கிற நம்ம தங்கச்சியின் பெயர் பத்திரமாக இருக்கும்.

1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, நம்ம முன்னோடிகள் முதலில் கற்றுக்கொண்டது கையெழுத்துப் போடவும், நோட்டு எழுதவும்தான். அந்த நோட்டை நம்பித்தான் வங்கி நமக்குக் கடன் கொடுத்தது. நோட்டு எழுதுகிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நல வாரிய அட்டை, பாஸ்புக், மேஸ்திரி வீட்டுக்காரம்மா என்றால் பாலிசி காப்பி, இதையெல்லாம் பையில் போட்டு எடுத்து வாங்க. எழுதுவதற்கு உதவி வேண்டுமென்று எந்தக் குழு கூப்பிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையில் நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.